ஆடாத குழாய்

என்ன வேலை பார்க்கிறாய் என்று சொந்தக்காரர்கள் கேட்டால் குழாய் வேலை என்பேன். பிளம்பரா என்று சிரிப்பார்கள். அதற்கு மேல் விளக்கம் சொல்லும் பொறுமை எனக்கு இருந்ததில்லை. எங்கள் வீட்டுப் பொறுமை முழுவதையும் அக்கா எடுத்துக்கொண்டு பிறந்துவிட்டாள் என்று அம்மா சொல்வாள். ஆனால் இதை எழுத உட்கார்ந்த பிறகு விளக்காமல் தப்பிக்க முடியாது.

கரை கண்ணுக்கே தெரியாத ஆழ்கடலில் ஒரு பெரிய கப்பலை நங்கூரம் போட்டு வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் நிறுத்தி வைத்திருப்பார்கள். அது எங்கேயும் போகாது. கடலுக்கு அடியில் தோண்டிய கிணறுகளிலிருந்து கச்சா எண்ணெய் அந்தக் கப்பலுக்கு ஏறி வரவேண்டும். அப்படி ஏறி வரும் எஃகுக் குழாய்க்கு ரைசர் என்று பெயர். கப்பலின் விலாவிலிருந்து தொங்கி, ஒன்றரைக் கிலோமீட்டர் தண்ணீருக்குள் இறங்கி, வளைந்து, கடலடிச் சேற்றில் படுத்து, கிணறு வரைக்கும் போகும். எஃகுதான், ஆனால் அவ்வளவு நீளத்தில் அதுவும் துணி காயப்போடும் கொடி மாதிரி தொய்ந்துதான் தொங்கும்.

கப்பல் அலையில் ஏறும்போது சேற்றில் கிடக்கும் குழாய் கொஞ்சம் எழும்பும். இறங்கும்போது மறுபடி படுக்கும். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை இது நடக்கும். குழாய் தரையைத் தொடும் அந்த இடத்தில் எஃகு களைத்துப்போய், வெல்டிங்கில் மயிரிழை போல விரிசல் விட்டு, ஒரு நாள் உடையும். அந்தக் களைப்பை எண்ணுவதுதான் என் வேலை. எப்படிப்பட்ட அலை, எந்தத் திசையிலிருந்து, வருஷத்தில் எத்தனை மணி நேரம் என்றெல்லாம் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்து, குழாய் எத்தனை வருஷம் தாங்கும் என்று சொல்வேன். இருபத்தைந்து வருஷம் உழைக்க வேண்டிய குழாய், கணக்கில் இருநூற்றைம்பது வருஷம் தாங்கவேண்டும். அவ்வளவு பயந்து செய்யும் வேலை. அப்படிப் பயப்படத் தெரிந்தவள் என்பதில் எனக்குக் கர்வமும் உண்டு. சென்னையில் ஏழாவது மாடியில், ஏசிக்குப் பயந்து சால்வை போர்த்திக்கொண்டு, பதினான்கு வருஷமாக இதைச் செய்கிறேன். ஒரு கப்பலில்கூட ஏறியதில்லை.

எங்கள் ஆபீஸில் ஒவ்வொன்றுக்கும் ஒரு டேபிள் உண்டு. அலைக்கு ஒரு டேபிள், கப்பலின் ஆட்டத்துக்கு ஒரு டேபிள், களைப்புக்கு நான். துரு என் டேபிள் இல்லை. ஜன்னலோரமாக இரண்டு பேர் இருப்பார்கள். துருக்காரர்கள் என்று கிண்டல் செய்வோம். எண்ணெயோடு எவ்வளவு தண்ணீர் வரும், என்ன வாயு வரும் என்று பார்த்துவிட்டு ஒரே ஒரு எண்ணை எனக்கு மெயிலில் அனுப்புவார்கள். மூன்று மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாயின் கனத்தில் அந்த மூன்றைக் கழித்துவிட்டு மீதிக்கு நான் கணக்குப் போடுவேன். அந்த மூன்று எப்படி வந்தது என்று ஒரு தடவைகூட நான் எழுந்துபோய்க் கேட்டதில்லை. கேட்கும் வழக்கமும் இல்லை. அவர்கள் என் விரிசலில் மூக்கை நுழைப்பதில்லை, நான் அவர்கள் துருவில் மூக்கை நுழைப்பதில்லை.

ஊருக்குப் போகவேண்டும் என்றால் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாபநாசத்தில் ரயிலை விட்டு இறங்கி டவுன் பஸ் பிடிக்கவேண்டும். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு வேலை செய்தவர்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஒன்பது மா வாங்கினார்கள், மூன்று ஏக்கர். எங்கள் தெருவில் சொந்தப் பெயரில் பட்டா இருந்த வீடுகளை ஒரு கை விரலில் எண்ணலாம். இன்ஜினியரிங் படித்தது எங்கள் வீடுதான் முதல். அவர்கள் இருவரும் போன பிறகு நிலத்தை அக்கா பார்த்துக்கொள்கிறாள். மாமாவுக்குச் சிங்கப்பூரில் கட்டட வேலை. அவர்கள் மகன் டிப்ளமா முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான்.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். ஊரில் நடவு என்றால் அவளிடம்தான் சொல்லுவார்கள். இருபது பெண்களைச் சேர்த்துக்கொண்டு, இன்றைக்கு யார் வயல், நாளைக்கு யார் வயல் என்று முறை வைத்து நட்டுக் கொடுப்பாள். அவள் வயலுக்கும் அதே இருபது பேர்தான் இறங்குவார்கள். அவர்களுக்குள் நடக்கும் கேலியையும் சண்டையையும் போனில் எனக்கு அப்படியே நடித்துக் காட்டுவாள். புருஷன் வெளிநாட்டில், மகன் வெளியூரில் என்று தனியாக இருந்தவளுக்கு அந்த இருபது பேர்தான் வீடு.

எங்கள் ஊர் வயல்களுக்கு அடியிலும் ஓர் எண்ணெய்க் குழாய் போகிறது. நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது புதைத்தது. ஊர் எல்லையில் உள்ள எண்ணெய்க் கிணற்றிலிருந்து சேகரிப்பு நிலையத்துக்குப் போகும் குழாய். பக்கத்து ஊரில் இதே மாதிரி ஒரு குழாயில் லேசாகக் கசிவு கண்டதும் எங்கள் ஊர்க்காரர்கள் சத்தம் போட்டுக் குழாயை மூட வைத்தார்கள். ஒரு வருஷம் மூடிக் கிடந்தது. பிறகு கம்பெனிக்காரர்கள், சோதித்துப் பார்த்துவிட்டோம், நன்றாக இருக்கிறது, மறுபடி ஓட்டப்போகிறோம் என்று வந்தார்கள். குழாய் போகும் வயல்காரர்கள் எல்லோரும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போடவேண்டும். புதுக் குழாய் போட்டால்தான் கையெழுத்து என்று ஊர் ஒரே பிடியாக நின்றது. மேலத்தெருவும் எங்கள் தெருவும் சேர்ந்து ஒரு விஷயத்தில் நின்றதை நான் அதற்கு முன்பு கேள்விப்பட்டதில்லை.

அப்போதுதான் அக்கா கூட்டத்தில் எழுந்து, "என் தங்கச்சிக்கு இதே வேலதான். அவ வந்து பாக்கட்டும். அவ வேணாம்னா ஒருத்தரும் போட வேணாம்" என்று சொல்லிவிட்டாள். மறுநாள் காலையில் எனக்குப் போன் செய்தாள்.

"ஒன் வேலய என்னைக்காவது நேர்ல பாத்துடணும்னு எனக்கு ஆசடி. அந்தக் கடலுக்கெல்லாம் நான் எங்க வர்றது? இங்கயே ஒண்ணு கெடக்கு, வந்து பாத்துட்டுப் போ."

ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். திங்கட்கிழமை காலையில் ஒரு ரிப்போர்ட் அனுப்பவேண்டியிருந்தது. அந்த அவசரமும் எரிச்சலும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தன. உண்மையைச் சொன்னால் ஊர்க்காரர்கள் மேலும் எரிச்சல்தான். குழாயைப் பற்றி என்ன தெரியும் இவர்களுக்கு என்று நினைத்துக்கொண்டே வரப்பில் நடந்தேன்.

கம்பெனியின் ஃபீல்டு இன்ஜினியர், சின்ன வயதுக்காரர், மரியாதையாகச் சோதனை அறிக்கையைக் கொடுத்தார். ஆறு இடத்தில் குழி தோண்டிக் குழாயின் கனத்தை அளந்திருந்தார்கள். ஆறும் நன்றாகவே இருந்தன, புதுக் குழாய்க்குக் கொஞ்சம்தான் குறைவு. நான் அந்த வரிசையைப் பார்த்தேன், தலையாட்டினேன். குழாயின் மேல்பக்கம் அளந்தீர்களா, அடிப்பக்கம் அளந்தீர்களா என்று கேட்கவில்லை. குழிக்குள் தண்ணீர் நிற்கும், அடியில் கருவியை வைப்பது கஷ்டம், ஆகவே மேலேதான் வைத்திருப்பார்கள் என்று இன்றைக்கு ஒரு மூச்சில் சொல்வேன்.

எங்கள் வயலின் ஓரத்தில் வாய்க்கால் போகிறது. அதன் அடியில் நுழைவதற்காகக் குழாய் அங்கே கீழே இறங்கி, வளைந்து, மறுபடி ஏறுகிறது. வளைவு என்றதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. அங்கேயே வரப்பில் உட்கார்ந்து போனில் கணக்குப் போட்டேன். மேலே டிராக்டர் போகுமா, அறுவடை மெஷின் போகுமா, மண் இறங்குமா என்று கேட்டுக் கேட்டுப் போட்டேன். ஒன்றுமே இல்லை. ஆயிரம் வருஷம் தாங்கும் என்று வந்தது.

அக்கா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னடி சொல்லுது ஒன் போனு?"

"ஒண்ணும் ஆகாதுக்கா. நான் போடுற குழாயெல்லாம் ராத்திரி பகலா ஆடிக்கிட்டே கெடக்கும். இது அசையாம படுத்திருக்கு. ஆடாத குழாய்க்குச் சாவு கெடையாது."

"நம்மூரு மண்ணுல ஆறு மாசம் தண்ணி நிக்குது, ஆறு மாசம் வெடிச்சுக் கெடக்குது. துருப் புடிக்காதா?"

"வெளியில தார் சுத்தியிருக்காங்க."

"உள்ள?"

"உள்ள எண்ணெய்க்கா. எண்ணெய்ல எதாவது துருப் புடிக்குமா? தையல் மெஷினுக்கு நீ எதுக்கு எண்ணெய் போடுற?"

அவள் சிரித்துவிட்டாள். "அதுவும் சரிதான். நான் ஒரு மண்டு" என்றாள்.

சாயங்காலம் பால் சொசைட்டி வாசலில் கூட்டம் இருந்தது. நீயே வந்து நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போ என்று அக்கா கெஞ்சினாள். ரயிலைப் பிடிக்கவேண்டும், நீயே சொல்லிவிடு என்று கிளம்பிவிட்டேன். அவர்களுக்கு முன்னால் உட்கார்ந்து பாடம் எடுக்க எனக்கு நேரமில்லை என்றும் சொன்னேன். அப்படிச் சொன்ன வாய் எனக்கு இன்னும் கசக்கிறது.

அன்றைக்கு அக்கா கூட்டத்தில் என் பேச்சை அப்படியே நடித்துக் காட்டியிருக்கிறாள். ஆடாத குழாய்க்குச் சாவு கிடையாது என்றதும் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். முதல் கையெழுத்து அவளுடையது. இரண்டு நாளில் எல்லோரும் போட்டார்கள்.

புரட்டாசியில் குழாயில் எண்ணெய் ஓடியது. அக்கா வயலில் நடவு முடிந்தது. மார்கழியில், சம்பா கதிர் விட்டுப் பால் பிடித்து நின்ற நேரத்தில், ஒரு நாள் விடிந்ததும் போன் வந்தது. "வயல்ல மண்ணெண்ண நாத்தமா அடிக்குதுடி" என்றாள். குரலில் பதற்றம் இல்லை, ஏதோ கேள்வி கேட்பவள் மாதிரி இருந்தாள். நான் அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

போய்ச் சேர்ந்தபோது வால்வை அடைத்திருந்தார்கள். ஆனால் வாய்க்காலுக்கு அடியில் உடைந்ததால் எண்ணெய் வாய்க்கால் தண்ணீரிலேயே கலந்து, கீழே இருந்த ஏழு பேர் வயலுக்கும் மடை வழியாகப் போய்விட்டிருந்தது. கதிர்கள் நின்றுகொண்டுதான் இருந்தன. முழங்கால் உயரத்துக்கு ஒரே அளவாகக் கறுப்பு. தவளைகள் வரப்பில் ஏறி அசையாமல் கிடந்தன. ஒரு கிழவர் தன் வயலில் இறங்கி ஒரு கதிரைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துவிட்டு அடுத்த கதிரைப் பிடித்தார். அவரைப் பார்க்க முடியாமல் நான் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த நாள் குழாயைத் தோண்டி, உடைந்த துண்டை அறுத்து மேலே போட்டார்கள். நான் உட்கார்ந்து கையை உள்ளே விட்டேன். மேல்பக்கம் புதிதாக இருந்தது. பக்கங்களும் நன்றாகவே இருந்தன. அடியில் மட்டும் விரல் அகலத்துக்கு ஒரு நீளப் பள்ளம், அதன் நடுவே ஓட்டை. அந்த ஓட்டையின் விளிம்பு என் விரலில் தாள் மாதிரி வளைந்தது. பழைய கிணறு எண்ணெயைவிட உப்புத் தண்ணீரைத்தான் அதிகமாகத் தரும். எண்ணெய் மெதுவாக ஓடினால் தண்ணீர் அடியில் தங்கும். குழாய் எங்கே பள்ளமாக இறங்குகிறதோ அங்கே தேங்கும். தேங்கிய இடத்தில் அரிக்கும். இது எதுவும் எனக்குத் தெரியாததில்லை. நான் வருஷா வருஷம் கழித்துவந்த அந்த மூன்று மில்லிமீட்டர் இதுதான். அது என் டேபிள் இல்லை என்பதால் என் புத்திக்கு வரவில்லை. அக்கா கேட்டாள். உள்ளே என்று சரியாகக் கேட்டாள். அவளைச் சிரிக்க வைத்து அனுப்பிவிட்டேன்.

திட்டு வாங்கத் தயாராகத்தான் ஊருக்குள் போனேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளும் மனநிலையில் இருந்தேன். ஆனால் பால் சொசைட்டி செயலாளர் என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் மேலத்தெருக்காரர். அதற்கு முன்பு ஒரு நாளும் எனக்காக எழுந்தவரில்லை.

"உக்காருங்கம்மா. நீங்க அன்னைக்கே வேணாம்னுதான் சொல்லிட்டுப் போனீங்களாமே. ஒங்க அக்கா இப்படிப் பண்ணுவாங்கன்னு நாங்க நெனைக்கலீங்க" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார். குழாய் உடைந்த அன்று காலையில் வாய்க்கால் கரையில் கூடி எல்லோரும் கத்தியிருக்கிறார்கள். அந்தத் தெருவிலிருந்து ஒன்று படித்தது, அது படித்த லட்சணம் இதுதானா என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். அவள் ஆபீஸ் எது, மனு எழுதிப் போடுவோம், பேப்பருக்குச் சொல்லுவோம் என்று இன்னொருவர் கிளப்பியிருக்கிறார். அப்போது அக்கா எல்லோருக்கும் நடுவில் வந்து நின்று, தங்கச்சி கையெழுத்துப் போடாதே என்றுதான் சொன்னாள், மகனுக்கு வேலை போட்டுத் தருகிறோம் என்று கம்பெனியில் ஆசை காட்டினார்கள், அதனால் உங்களிடம் மாற்றிச் சொன்னேன் என்றாளாம்.

"காலுல விழுந்தாங்க. விழுந்து என்ன பிரயோசனம்?" என்றார் செயலாளர்.

அந்த நாற்காலியிலிருந்து அப்போதே எழுந்து, இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை போதும். நான் வீட்டுக்கு ஓடினேன்.

அக்கா கொல்லைப்புறத்தில் கைகால் எண்ணெய்ப் பிசுக்கைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் கத்தினேன். யாரைக் கேட்டு இப்படிச் சொன்னாய், இப்போதே போய் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன்.

"மெதுவாப் பேசு" என்றாள். "சொல்லி என்ன பண்ணுவ? போன கதிர் திரும்பி வருமா?"

"ஒன்னப் பத்தி என்ன நெனப்பாங்க?"

"என்ன நெனச்சா என்ன? நான் இங்கயே கெடக்குறவ. ரெண்டு பட்டம் வெளஞ்சா எல்லாம் மறந்துடுவாங்க. ஒன்னப் பத்திப் பேசுனா அது மறக்குற பேச்சு இல்லடி. நம்ம தெருவுல அடுத்து ஒரு புள்ள படிக்கப் போனா அதுக்கும் சொல்லுவாங்க. அம்மா ஒன்னப் படிக்க வச்சது அதுக்கா?" தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ பேசாம போ. எனக்காகப் போ."

நான் அழுதேன். அழுதுவிட்டுச் சரி என்றேன். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நியாயம் இருந்ததால் நான் சம்மதிக்கவில்லை. பயந்ததால் சம்மதித்தேன். வேலை போய்விடும், பெயர் போய்விடும் என்று பயந்தேன். அவளுடைய நியாயம் எனக்கு வசதியாக இருந்தது.

கம்பெனி நஷ்டஈடு கொடுத்தது, வயல் மண்ணைச் சுரண்டி அள்ளிப் புது மண் போட்டது. அந்தப் பங்குனியில் என் ரைசர் ரிப்போர்ட் அங்கீகாரம் ஆகி, ஆபீஸில் கேக் வெட்டினார்கள். அதன் பிறகு நான் துருக்காரர்களின் டேபிளுக்குப் போய் அந்த எண் எப்படி வந்தது என்று கேட்க ஆரம்பித்தேன். இவளுக்கு என்ன வந்தது என்று சிரித்தார்கள். கேட்டு என்ன, இனி எத்தனை கேட்டாலும் அன்றைக்கு வரப்பில் கேட்காமல் விட்ட அந்த ஒரு கேள்வி பாக்கிதான்.

அடுத்த புரட்டாசியில் அக்காவின் வயலுக்கு நடவுக்கு யாரும் வரவில்லை. சண்டை இல்லை, பேச்சில்லை. நாளைக்கு வருகிறோம் என்று சொன்னவர்களும் வரவில்லை. அவளைத் தங்கள் முறையிலும் கூப்பிடவில்லை. நாற்றங்காலில் நாற்று முற்றிப் பழுத்தது. கடைசியில் பாதி வயலுக்கு விதையை அவளே நேராகத் தெளித்தாள், மீதியைத் தரிசாகப் போட்டாள். இதை அவள் எனக்குச் சொல்லவில்லை. மாமா சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார். உன் அக்கா இப்போதெல்லாம் போனில் ஒன்றும் பேசுவதில்லை, சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாள் என்றார். அவருக்கும் உண்மை தெரியாது. மகன் வேலைக்காக ஊரைக் கெடுத்துவிட்டாயே என்று அவரும் அவளைத் திட்டியிருந்தார்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். ஐப்பசியில் லீவு போட்டுக்கொண்டு போனேன். அக்காவிடம் சொல்லாமல், பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக ஒரு வீட்டுக்குப் போனேன். நடவு வரிசையில் எப்போதும் அக்காவுக்கு அடுத்த ஆளாக நிற்கும் பெண்ணின் வீடு அது. எங்கள் தெருதான், அண்ணி என்று கூப்பிடுவேன். அவர்கள் வயலும் அந்த ஏழில் ஒன்று. முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் பாய் விரித்தார்.

ஒன்றுவிடாமல் சொன்னேன். அறிக்கையைப் பார்த்தது, வரப்பில் உட்கார்ந்து கணக்குப் போட்டது, அக்கா உள்ளே என்று கேட்டது, நான் தையல் மெஷின் என்றது, ரயிலுக்கு ஓடியது, எல்லாவற்றையும். என்னைக் காப்பாற்றத்தான் மகன் வேலை என்று அவள் ஒரு கதை கட்டினாள், அந்த மாதிரி யாரும் ஒரு ஆசையும் காட்டவில்லை என்றேன். சொல்லச் சொல்ல நெஞ்சு லேசானது.

அண்ணி முறத்தைக் கீழே வைத்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"கூடப் பொறந்த பாசம் விட்டுப் போவுமா, பாப்பா" என்றார். "நீ இப்படித்தான் சொல்லுவேன்னு எனக்குத் தெரியும்."

"இல்ல அண்ணி. நெசமாத்தான் சொல்றேன்."

"அவ எங்க எல்லாரு முன்னாடியும் அவ வாயாலயே ஒத்துக்கிட்டா. நெசம் இல்லாததையா ஒருத்தி காலுல விழுந்து ஒத்துக்குவா? இருவது வருசம் அவ பக்கத்துல நின்னு நட்டவ நான். அவ மேல எனக்குக் கோவம்கூட ஆறிப் போச்சு. இந்தத் தை அறுப்புக்குக் கூப்புடலாம்னுதான் இருந்தேன்."

"சத்தியமா அண்ணி. வேணும்னா எழுதித் தர்றேன். கையெழுத்துப் போட்டுத் தர்றேன். கூட்டத்துல வந்து சொல்றேன்."

"எழுதிக் குடுத்தா ஒன் வேல என்னாவும்?"

"போனாப் போவட்டும்."

அவர் முகம் இறுகிவிட்டது. "பாத்தியா, அதுக்கும் துணிஞ்சிட்டா ஒங்கக்கா. நாங்க இத்தன மாசம் பேசாம இருந்தது தாங்கல அவளுக்கு. எங்கிட்ட வந்து ஒரு வார்த்த கேட்ருக்கலாம். படிச்ச புள்ளய, வேல போனாலும் பரவால்லன்னு பொய் சொல்ல அனுப்பிச்சிருக்கா."

அவள் அனுப்பவில்லை, நான் வந்திருப்பதே அவளுக்குத் தெரியாது என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. நான் பேசப் பேச அக்காவின் குற்றம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் பேசுவதை நிறுத்தினேன். சாப்பிட்டுவிட்டுப் போ என்று கையைப் பிடித்து இழுத்தார். மறுத்துவிட்டு எழுந்தேன்.

அக்கா வயலில் தனியாகக் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். தெளித்த வயலில் பயிரைவிடக் களைதான் முந்திக்கொண்டு நின்றது. என்னைப் பார்த்ததும் சேற்றுக் கையோடு சிரித்தாள். நான் எங்கே போய்விட்டு வருகிறேன் என்று கேட்கவில்லை. நானும் இறங்கி அவளோடு இரண்டு நாள் களை பிடுங்கினேன். எனக்கு வேகம் வரவில்லை என்று கேலி செய்தாள். இரண்டாம் நாள் மத்தியானம், கைகழுவப் போன இடத்தில் யாரோ அவளிடம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். திரும்பி வந்தவள், "ஏண்டி இப்படிப் பண்ணுன" என்று மட்டும் கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பிறகு குனிந்து களை பிடுங்கினாள்.

மூன்றாம் நாள் காலையில் பஸ் ஏற்றிவிட வந்தாள். பஸ் நிறுத்தத்தின் சிமெண்டுப் பெஞ்சில் நடவுப் பெண்கள் ஐந்தாறு பேர் வேறு ஊர் வேலைக்குப் போக உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அண்ணி நகர்ந்து, மற்றவர்களையும் நகரச் சொல்லி, ஓர் ஆளுக்கு இடம் விட்டார். "வா பாப்பா, உக்காரு" என்றார். அக்காவை யாரும் பார்க்கவில்லை. அவள் என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கூரைக்கு வெளியே வெயிலில் போய் நின்றாள். நான் அவள் பக்கத்தில் நிற்கப் போனேன். அவள் தலையை அசைத்தாள். நான் போய் நின்றால் அதையும் அவள் கணக்கில்தான் எழுதுவார்கள் என்று இருவருக்கும் தெரியும். பஸ் வர அரை மணி நேரம் ஆனது. அதுவரைக்கும் அவர்களுக்கு நடுவில், அவர்கள் விட்ட இடத்தில், நான் உட்கார்ந்திருந்தேன்.